பச்சைப் பலகை

ஹாலந்து என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ட்யூலிப் பூக்கள், காற்றாலை, ஃபிலிப்ஸ் பல்பு. ஓவியப் பிரியர் என்றால் வான்கோ. கால்பந்துப் பைத்தியம் என்றால் யோஹான் க்ரைஃப். எல்லாம் சரி. ஆனால் இந்த வாரம் நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது இவை எதையும் அல்ல. ஒரு சின்னப் பலகையை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. அவ்வளவுதான். ஆனால் ‘இது என்னுடையது’ என்று நாம் அடிக்கடி சொல்கிறோமே, அந்த வாக்கியத்தை அது லேசாக ஆட்டிப் பார்த்துவிடும்.

பலகையைப் பார்க்க வேண்டுமானால் படகில்தான் போக வேண்டும். பத்து மீட்டர் நீளத்தில் ஒரு பாய்மரப் படகு. ஓட்டத் தெரியாதே என்று பயப்படாதீர்கள். கற்பனைதானே, கவிழ்ந்தால் கரையேற்றிவிடுகிறேன்.

நெதர்லாந்தின் நிலத்தில் கால் பங்குக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. தண்ணீரோடு சண்டை போட்டும் சமாதானம் பேசியும் வளர்ந்த நாடு. ஆறு, கால்வாய், ஏரி எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன. தெற்கே ஃப்ளிஸிங்கனில் ஏறினால், பாய்மரத்தைச் சாய்க்காமலே வடக்கே டெல்ஃப்ஸைல் வரை உள்நாட்டுத் தண்ணீரிலேயே போய்விடலாம். வழியில் வரும் பாலங்கள் ஒன்று உயரமாக இருக்கும், அல்லது உங்களுக்காகத் திறக்கும். காரில் போகிறவர்கள் எஞ்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் சில சின்னப் பாலங்களில், பாலம் திறப்பவர் தூண்டில் கழியின் நுனியில் ஒரு மரச் செருப்பைக் கட்டி உங்கள் தலைக்கு நேரே இறக்குவார். அதில் சில்லறையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். இந்த வழக்கம் இப்போது குறைந்துகொண்டே வருகிறது.

ஆம்ஸ்டர்டாமில் மட்டும் பகலில் பாலங்களைத் திறந்து போக்குவரத்தை நிறுத்தினால் நகரமே முடங்கிவிடும். அதனால் உயரமான பாய்மரம் வைத்த படகுகள் மாலையில் ஓரிடத்தில் கூடுகின்றன. நள்ளிரவுக்குப் பிறகு ஊர்வலமாகக் கிளம்பி, ஒவ்வொரு பாலமாகத் திறக்கத் திறக்க ஊரைக் கடக்கின்றன. உங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர், பின்னால் ஒரு டச்சு தம்பதி. நடுவில் ஒருவர் பின்தங்கினால், அடுத்த பாலத்துக்கு முன்னால் மற்றவர்கள் இருட்டில் வட்டமடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவரையொருவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. விடிந்தால் ஆளுக்கொரு திசை. ஆனாலும் காத்திருக்கிறார்கள்.

காலையில் நீங்கள் மார்க்கர்மேர் ஏரியில் இருப்பீர்கள். மாலைக்குள் ஹோர்ன் என்கிற பழைய துறைமுக ஊர். களைத்துப் போய் உள்ளே நுழைகிறீர்கள். வரிசை வரிசையாகக் கட்டைகள் நட்டு, ஒவ்வொரு படகுக்கும் ஓர் இடம் பிரித்திருக்கிறார்கள். நம் ரயில் பாஷையில் பெர்த் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வருஷ வாடகை கட்டி எடுத்து வைத்திருப்பது. உங்களுக்கென்று எதுவும் இல்லை. என்ன செய்வீர்கள்?

இங்கேதான் வருகிறது அந்தப் பலகை.

ஒவ்வொரு பெர்த்தின் தலைமாட்டிலும் அது தொங்கும். இடத்துக்குரியவர் சில நாள் வெளியே போகிறார் என்றால், துறைப் பொறுப்பாளரிடம் திரும்பி வரும் தேதியைச் சொல்லிவிட்டு, பலகையைப் பச்சைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். பச்சை என்றால், ‘நான் ஊரில் இல்லை, நீங்கள் கட்டிக்கொள்ளலாம்.’ சிவப்பு என்றால், ‘சாயங்காலம் வந்துவிடுவேன், தயவுசெய்து வேண்டாம்.’ டச்சுத் துறைகளில் பரவலாக இருக்கிற ஏற்பாடு இது. சில இடங்களில் விதி, சில இடங்களில் வெறும் வழக்கம். நீங்கள் பச்சையைப் பார்த்து உள்ளே போய்க் கட்டலாம். யாரையும் எழுப்ப வேண்டாம், கெஞ்ச வேண்டாம். ஓர் இரவுக்கான கட்டணத்தைப் படகின் நீளத்துக்கு ஏற்றபடி துறைக்குக் கட்டிவிட்டால் போதும்.

நான் காமர்ஸ் படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்று தேடுகிற புத்தி. இந்தக் கணக்கை அந்தப் புத்தியோடு பார்த்தால் இடிக்கிறது. இன்று என் இடத்தில் ஒரு பெல்ஜியக்காரர் படகைக் கட்டுகிறார். நான் வேறு ஊரில், முகம் தெரியாத ஒரு டச்சுக்காரர் இடத்தில் கட்டியிருக்கிறேன். அந்த டச்சுக்காரர் வேறெங்கோ இன்னொருவர் இடத்தில். கொடுத்தவரிடமிருந்து வாங்குவதில்லை, வாங்கினவருக்குத் திருப்பிக் கொடுப்பதுமில்லை. பற்று ஒருவர் பேரில், வரவு இன்னொருவர் பேரில். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் பேலன்ஸ் ஷீட் வருஷா வருஷம் டாலியாகிறது.

‘அட, இது சுயநலம்தானே சார்? எனக்கும் வேறு ஊரில் இடம் வேண்டும், அதனால் என் இடத்தைக் கொடுக்கிறேன். இதில் என்ன தர்மம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் மட்டும் பலகையைத் திருப்பாமல் சிவப்பிலேயே விட்டுவிட்டுப் போனாலும், மற்ற ஊர்களில் எனக்குப் பச்சை கிடைக்கத்தான் போகிறது. அங்கே யாரும் ‘உம் ஊரில் பலகையைத் திருப்பினீரா?’ என்று கேட்கப் போவதில்லை. சுத்தமான சுயநலவாதி சிவப்பிலேயே விட்டுவிட்டுப் போவான். பெரும்பாலானவர்கள் அப்படிச் செய்வதில்லை. ஆக, சுயநலத்தைத் தாண்டி ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன?

அதற்கு ஒரு பெயர் வைக்க முயன்றவர் ஹ்யூகோ க்ரோஷியஸ். 1583-ல் டெல்ஃப்ட்டில் பிறந்த டச்சுச் சட்ட மேதை. சர்வதேசச் சட்டத்துக்குத் தகப்பன் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். 1625-ல் வெளிவந்த போரும் சமாதானமும் பற்றிய தன் பெரிய நூலில் அவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். பொருள் என்னுடையதுதான். ஆனால் அதை இன்னொருவர் பயன்படுத்துவதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அப்போதும் நான் தடுக்கலாமா? ஓடுகிற ஆற்றில் ஒருவர் தண்ணீர் குடிக்கிறார். என் விளக்கிலிருந்து ஒருவர் தன் விளக்கை ஏற்றிக்கொள்கிறார். என் விளக்கு மங்கிவிடவில்லை. இப்படிப்பட்ட ‘தீங்கில்லாத உபயோகம்’ மற்றவர்களின் உரிமை என்று அவர் வாதிடுகிறார். கொடுப்பவரின் பெருந்தன்மை என்றுகூட அவர் சொல்லவில்லை, உரிமை என்கிறார். சொத்து என்கிற ஏற்பாட்டையே மனிதர்கள் உண்டாக்கியபோது, இந்தச் சின்ன ஓட்டையை வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருப்பார்கள் என்பது அவர் வாதம்.

பச்சைப் பலகைக்கு இதைவிட நல்ல தத்துவம் கிடைக்குமா? இத்தோடு முடித்துவிட்டால் நல்ல போதனைக் கட்டுரையாகிவிடும். ஆனால் ஹோர்ன் ஊரில் படகைக் கட்டிவிட்டு ஐந்து நிமிஷம் நடந்தால், நடுச் சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. அதைப் பார்க்காமல் போக முடியாது.

சிலை யான் பீட்டர்சோன் கூன் என்பவருடையது. 1587-ல் அதே ஊரில் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல். அந்தக் கம்பெனியை அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளால் வி.ஓ.சி. என்பார்கள். (நம்ம வ.உ.சி.யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதே, ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தூத்துக்குடிக் கடலைத் தன் சொந்தம்போல் நடத்தியதை எதிர்த்துத்தான். விதி இப்படியும் விளையாடும்!) 1602-ல் தொடங்கிய டச்சு வி.ஓ.சி.க்கு ஆறு கிளைகள். ஹோர்னும் பக்கத்து ஊரான எங்க்ஹாய்சனும் அதில் அடக்கம்.

கூன் செய்த காரியம் இது. இந்தோனேசியாவில் பண்டா என்று சின்னஞ்சிறு தீவுக்கூட்டம். அன்றைக்கு உலகுக்கே ஜாதிக்காய் அங்கேயிருந்துதான் வர வேண்டும். அத்தனையும் எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்றது கம்பெனி. தீவுக்காரர்கள் ஆங்கிலேயருக்கும் விற்றார்கள். 1621-ல் கூன் படையோடு போய் இறங்கினார். சுமார் பதினைந்தாயிரம் பேர் அங்கே வாழ்ந்ததாகக் கணிக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியால் செத்தார்கள், அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள், தப்பி ஓடினார்கள். மிஞ்சியவர்கள் மிகக் கொஞ்சம். சிலையின் பீடத்தில் 2012-ல் வைத்த கல்வெட்டு அந்த ரத்தத்தையும் சொல்கிறது.

இதற்கும் க்ரோஷியஸுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. 1603-ல் சிங்கப்பூர் அருகே டச்சுக்காரர்கள் ஒரு போர்ச்சுகீசியக் கப்பலைப் பிடித்தார்கள். அந்தப் பிடிப்பை நியாயப்படுத்த கம்பெனி தேடிப் பிடித்த வக்கீல், அப்போது இருபது வயசு சொச்சமான இதே க்ரோஷியஸ். அந்த வாதத்தின் ஒரு பகுதிதான் 1609-ல் ‘சுதந்திரக் கடல்’ என்ற பொருளுள்ள லத்தீன் தலைப்பில் வெளிவந்த நூல். கடல் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் போகலாம், யாரோடும் வியாபாரம் செய்யலாம். அழகான கொள்கை. நாலே வருஷத்தில், 1613-ல், லண்டனில் பேச்சுவார்த்தை. ஆங்கிலேயர்கள் ‘கடல் சுதந்திரமானது என்கிறீர்களே, அப்புறம் ஏன் எங்களை மசாலாத் தீவுகளுக்கு விடமாட்டேன் என்கிறீர்கள்?’ என்று கேட்டு, அதே நூலை எடுத்துக் காட்டினார்கள். எதிரே டச்சுத் தரப்பில் உட்கார்ந்து வாதாடியவர் யார் தெரியுமா? க்ரோஷியஸேதான்!

அதே 1613-ல்தான் பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை எழுந்தது. அங்கே அவர்கள் கட்டிய துணி வியாபாரத்தோடு, சோழமண்டலக் கரை மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேறினார்கள். 1658-ல் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் அவர்கள் கைக்கு வந்தன. பல தலைமுறையாகத் தன் போக்கில் கடலோடிய மக்கள், தங்கள் கடலிலேயே போக டச்சுக்காரரிடம் பாஸ் வாங்க வேண்டியிருந்தது.

சரி, எங்கே கோளாறு? கொள்கையில் தப்பில்லை. ‘இங்கே இடம் காலி, எடுத்துக்கொள்ளலாம்’ என்ற வாக்கியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். யார் வாயிலிருந்து வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹோர்ன் துறையில் பலகையைத் திருப்புவது இடத்துக்குரியவரின் கை. பண்டாவில் கப்பலில் வந்து இறங்கினவரே பலகையைத் திருப்பினார். உரியவர் திருப்பினால் பெருந்தன்மை. வந்தவர் திருப்பினால் கொள்ளை. ‘உனக்கொன்றும் நஷ்டமில்லையே’ என்பதை நஷ்டப்படப் போகிறவன்தான் சொல்ல வேண்டும். லாபம் அடையப்போகிறவன் சொன்னால், நம் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் எல்லாவற்றையும் உரியவர் இஷ்டத்துக்கு விட்டுவிடலாமா? அதற்கும் அந்தத் தண்ணீர் பதில் வைத்திருக்கிறது. மறுபடி படகில் ஏறுங்கள்.

எங்க்ஹாய்சனில் ஒரு வேடிக்கை. 2003-ல் திறந்த கால்வாய்ப் பாலம் அங்கே இருக்கிறது. மேலே படகு போகும், கீழே கார் போகும். அதைக் கடந்தால் ஐசல்மேர். இன்று நல்ல தண்ணீர் ஏரி. ஒரு காலத்தில் உப்புக் கடல். கார்னேலிஸ் லேலி என்ற பொறியாளரின் திட்டப்படி 1932-ல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டிக் கடலைத் துண்டித்துவிட்டார்கள். நாலைந்து மீட்டர்தான் ஆழம். அதனாலேயே காற்றடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழுந்து முதுகெலும்பை எண்ணிக் காட்டும்.

அணைக்கட்டுகளின் இந்த நாட்டில் பழைய காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. கரையோரம் நிலம் வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் தடுப்புக்கரையில் ஒரு பங்கு உண்டு. அதை அவர்தான் பழுது பார்க்க வேண்டும். முடியவில்லையா? கரையில் தன் மண்வெட்டியைக் குத்தி வைத்துவிட்டு வெளியேற வேண்டும். அதை யார் பிடுங்குகிறாரோ அவருக்கு நிலமும் சொந்தம், கரையைக் காக்கும் பொறுப்பும் சொந்தம். ‘என் நிலம், நான் என்னவோ செய்வேன்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. என் பங்குக் கரை உடைந்தால் உள்ளே வரும் கடல், பக்கத்து வயலின் பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு நிற்காது. சொத்து என்பது அக்கம்பக்கத்தாரின் சம்மதத்தோடு நமக்குக் கிடைத்திருக்கும் ஒரு பொறுப்பு என்பதை அவர்கள் சேற்றில் நின்று கற்றுக்கொண்டார்கள்.

அணையில் உள்ள லாக்கைத் தாண்டினால் வாடன் கடல். 2009-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிற இடம். கடல் வற்றும்போது மைல் கணக்கில் சேறும் மணலுமாகத் தரை தெரியும். தட்டையான அடிப்பாகமுள்ள படகுகள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அடுத்த ஏற்றத்துக்காகக் காத்திருக்கும். அதைக் கடந்து தெர்ஸ்கெல்லிங் தீவுக்குப் போகிறீர்கள். கோடை விடுமுறை. துறை நிரம்பி வழிகிறது. இங்கே பச்சைப் பலகையைத் தேடிப் பிரயோசனமில்லை. கரையோடு ஒரு படகு, அதோடு கட்டிய இன்னொன்று, அதோடு இன்னொன்று என்று ஐந்தாறு படகுகள் தோளோடு தோள் நிற்கும். நீங்கள் ஏழாவது.

கடைசிப் படகின் அருகே மெல்லப் போகிறீர்கள். “உங்க பக்கத்துல கட்டிக்கலாமா?” என்று கேட்கிறீர்கள். கேட்பது மரியாதைக்கு. பதில் ஏற்கெனவே தெரிந்ததுதான். அவர் எழுந்து வந்து உங்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். இரண்டு படகும் உரசாமல் இருக்க, காற்றடைத்த ரப்பர் உருளைகளைச் சரி செய்வார். அடுத்து இரண்டு பேரும் பேசுகிற முதல் விஷயம்: “நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?” ஏனென்றால் உள்ளே இருப்பவர் கடலேற்றம் பார்த்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறார் என்றால், வெளியே கட்டியிருக்கிற அத்தனை பேரும் எழுந்து விலக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டாவது எழுந்திருப்பார்கள்.

கரைக்குப் போக நீங்கள் ஆறு பேருடைய படகையும் மிதித்துத்தான் கடக்க வேண்டும். அதாவது, ஆறு பேருடைய வீட்டை. அதற்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு. அணியம் என்று நம் கடலோடிகள் சொல்வார்களே, படகின் முன்மூக்கு, அது வழியாகத்தான் போக வேண்டும். பின்பக்கம் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற, பேசுகிற இடம். அங்கே கால் வைக்கக் கூடாது. மெத்தென்ற செருப்பு. ராத்திரியில் சத்தமில்லாமல். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காமல்.

எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருக்கிறது. ‘உன் வழியாகப் போக எனக்கு உரிமை உண்டு; உன் சாப்பாட்டு மேஜையைத் தாண்டிப் போக உரிமை இல்லை.’ தேவை எதுவரை நீளலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு படகின் நீளத்திலேயே கோடு போட்டுக் காட்டிவிடுகிறார்கள்.

க்ரோஷியஸும் இதைத் தொட்டிருக்கிறார். உயிர் போகும் ஆபத்து என்றால் சொத்துரிமை ஒதுங்கி நிற்க வேண்டும் என்கிறார். ஆனால் மூன்று நிபந்தனை. வேறு வழியே இருக்கக் கூடாது. உடைமைக்காரரும் அதே ஆபத்தில் இருந்தால் அவரிடம் பிடுங்கக் கூடாது. முடிந்தபோது திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பெனிக்கு வக்கீலாக இருந்தவர் எழுதினார் என்பதற்காக இதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கம்பெனியை அளக்கவே இந்த அளவுகோல் உதவும். ஜாதிக்காய் இல்லாமல் யாரும் செத்துப் போயிருக்க மாட்டார்கள்.

அந்தத் தீவிலேயே ஓர் உயிர்காப்புப் படகு நிலையம் இருக்கிறது. 1824-ல் தொடங்கிய டச்சுக் கடல் மீட்புச் சங்கத்தின் நிலையம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். கடைக்காரர், ஆசிரியர், மெக்கானிக். அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி கிளம்புவார்கள். அரசாங்க மானியம் கிடையாது, நன்கொடைதான். காப்பாற்றியதற்கு பில் கிடையாது. மூழ்குகிறவன் எந்த நாடு, தப்பு யாருடையது என்ற விசாரணை கரைக்கு வந்த பிறகு.

ஆக, மூன்று படிகள். உயிருக்கு ஆபத்து என்றால் கேட்கவே வேண்டாம், கொடுத்தாக வேண்டும். ஒதுங்க இடமில்லை என்று வருகிறவர் கேட்க வேண்டும். நாம் மறுக்கக் கூடாது. அவரும் முன்மூக்கு வழியாக மட்டும் நடக்க வேண்டும். வெறும் வசதிக்கு என்றால், பலகை உரியவர் கையில். அவராகத் திருப்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பேராசைக்கு எந்தப் படியிலும் இடமில்லை.

மூன்றாவது படிதான் கஷ்டம். முதல் இரண்டில் எதிரே ஒரு முகம் இருக்கிறது. அது நம்மைக் கேட்கிறது. மூன்றாவதில் யாரும் கேட்பதில்லை. யாரோ ஒருவர், நாம் ஒருபோதும் பார்க்கப் போகாத ஒருவர், நாம் இல்லாத நேரத்தில் வரக்கூடும். அவருக்காக, கிளம்புகிற அவசரத்தில், ஒரு விநாடி குனிந்து ஒரு பலகையைத் திருப்ப வேண்டும். நன்றி கிடைக்காது. திருப்பாமல் போனால் வசவும் கிடைக்காது. சட்டமும் சரித்திரமும் கை விட்டுவிடுகிற இந்த ஒரு விநாடியில்தான் ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்பது தெரிகிறது. அதுவும் அவருக்கு மட்டும்தான் தெரிகிறது.

பூட்டிக் கிடக்கும் அறை, படித்து முடித்த புத்தகம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாலு பேருக்குச் சொல்லித் தரக்கூடிய ஒரு வித்தை. நம்மிடம் காலியாகக் கிடப்பவை படகுத் துறையைவிட நிறைய. அவற்றின் பலகையை வேறு யாரும் வந்து திருப்ப முடியாது, திருப்பவும் கூடாது. உங்களுடையது இப்போது எந்தப் பக்கம் பார்த்துத் தொங்குகிறது?